தேதி எழுதாத கை

1

இந்தக் கதை ஒரு மருத்துவரின் அறையில் எனக்குக் கிடைத்தது. 2006 ஜூலையில் இரண்டு சனிக்கிழமைகள் அந்த அறையில் மொழிபெயர்ப்பாளனாக உட்கார்ந்திருந்தேன். அங்கே கேட்டதை வெளியில் சொல்வதில்லை என்று டாக்டரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். ஏழு வருடம் சொல்லவில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் அங்கே கேட்டது அல்ல, அங்கே நான் செய்த ஒரு காரியம். அதை அதன் இடம் வரும்போது சொல்கிறேன். முன்பே சொன்னால் நீங்கள் கதையை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

எப்படித் தொடங்குவது என்பதில்தான் சிக்கல். முதலில் எழுதியது இது:

"ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வெங்கட்ரமணனின் வலது கை" —

விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமையா என்று எனக்குத் தெரியாது. தெரியாத நாளை எழுதுவது இந்தக் கதைக்குப் பொருந்தாது. ஏன் என்பது பிறகு புரியும்.

அடுத்து:

"மனவசிய சிகிச்சை என்றதும் ஆடும் கடிகாரமும் முறைத்த கண்களும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மருத்துவத்தில் அது நெடுங்காலமாக" —

இது கட்டுரை. கட்டுரை எழுத எனக்குத் தகுதி இல்லை.

மூன்றாவது தொடக்கம் கீழே இருக்கிறது. அழகாக இல்லை. ஆனால் அதில் பொய் இல்லை.

2

வெங்கட்ரமணனுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் தர உறுதிப் பிரிவுக்குத் தலைவர். லோத்குண்டாவில் நான் மாடியிலும் அவர், மனைவி கல்பகம், ஆறாவது படிக்கும் மகள் மஹதி மூவரும் கீழேயும் குடியிருந்தோம். அவர்கள் கும்பகோணத்துப் பக்கம், நான் விருதுநகர். ஊரில் இருந்திருந்தால் பேசிக்கொண்டிருக்கவே மாட்டோம். ஹைதராபாத்தில் ஒரே தண்ணீர்த் தொட்டியைப் பங்கிட்டுக்கொண்டோம்.

அவருடைய கைக்கு வந்த நோய் வினோதமானது. பெயர் எழுதும். தேதி எழுதாது. கையெழுத்தைப் போட்டு முடித்துவிட்டுப் பேனா பக்கத்தில் தேதி எழுத நகர்ந்ததும் கட்டைவிரல் உள்ளே மடங்கும், மணிக்கட்டு கட்டை மாதிரி ஆகும். மற்றவர்களாக இருந்தால் சமாளித்திருக்கலாம். மருந்துத் தொழிலில் முடியாது. அங்கே ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவரவர் கையாலேயே தேதி எழுத வேண்டும். தேதி இல்லாத கையெழுத்து அங்கே கையெழுத்தே அல்ல.

நரம்பு மருத்துவர் பார்த்தார். படம் எடுத்தார்கள். கையில் ஒன்றும் இல்லை என்றார்கள். மஹதியின் பள்ளி டயரியில்கூட அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். தேதியை அவளே எழுதிக்கொள்வாள்.

இரண்டு மாதம் ஓடிவிட்டது. அமெரிக்காவிலிருந்து ஆய்வாளர்கள் வரப்போகிறார்கள். அதற்கு முன் ஜூலை பதினேழு, திங்கட்கிழமை, சில தாள்களில் அவர் கையெழுத்திட்டாக வேண்டும். அவரைச் சென்னையிலிருந்து அழைத்து வந்து அந்த வேலையில் வைத்த பொது மேலாளர் சம்பந்தம் சொல்லிவிட்டார்: "கையச் சரி பண்ணிட்டு வாங்க, வெங்கட்ரமணன். திங்கக்கிழமை நீங்க உக்காரலேன்னா அந்த நாற்காலியில வேற ஆள உக்கார வெச்சாகணும். எனக்கு வேற வழி கிடையாது."

(சம்பந்தத்தை நான் பார்த்ததில்லை. இரண்டு பிரதிகளில் அவரை மீசை வைத்த கெட்டவராக எழுதிப் பார்த்தேன். கதை உடனே சுலபமாகிவிட்டது. அதனால் எடுத்துவிட்டேன்.)

3

டாக்டர் ஹஷ்மத் மாரேட்பள்ளியில் இருந்தார். மனநல மருத்துவர். அறுபது வயது இருக்கும், வெள்ளைச் சட்டையின் பையில் எப்போதும் சோம்பு. அவர் பேசியது ஆங்கிலமும் தக்கனி உருதுவும் கலந்து. நான் தமிழில் தருகிறேன். "நக்கோ" (வேண்டாம்), "ஹவ்" (ஆமாம்) போன்றவற்றை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன். அவற்றை எடுத்துவிட்டால் அவர் வேறு யாரோ ஆகிவிடுகிறார்.

முதல் அமர்வு தோற்றதை அவரே எனக்கு விளக்கினார்.

"இங்கிலீஷில் 'தளர்ந்து உட்காருங்கள்' என்றேன். மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார், மியா! 'எஸ் டாக்டர், எஸ் டாக்டர்' என்கிறார். அவருக்கு இங்கிலீஷ் என்றால் ஆபீஸ். தெலுங்கில் பேசலாமா என்றால், அது அவர் கீழே வேலை செய்கிறவர்களோடு பேசுகிற பாஷை. உருது ஆட்டோக்காரரோடு. எந்தப் பாஷையில் இவர் செருப்பைக் கழற்றுகிறார்?"

தமிழில். ஆனால் டாக்டருக்குத் தமிழ் தெரியாது. இரண்டாவது அமர்வில் கல்பகத்தை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அதைக் கல்பகம் மாமியே சொல்லிச் சிரித்தார்.

"அவர் என்ன சொல்றார், கை லேசா இருக்குன்னு சொல்லுங்கோன்னார். நானும் சொன்னேன். இவர் கண்ணை மூடிண்டு நன்னாத்தான் இருந்தார். எனக்குத்தான் வாய் நிக்கலை. 'ஏன்னா, கை லேசா இருக்கு, இருபத்தொண்ணு நாள் பிள்ளையாருக்கு வேண்டிண்டிருக்கேன், அந்தச் சம்பந்தம் சொல்றதுக்கெல்லாம் பயப்படாதேள், கேஸை அணைச்சேனான்னு தெரியலை'ன்னு என்னென்னமோ வந்துடுத்து. இவர் படக்குனு கண்ணைத் தொறந்து, 'அணைச்சியா?'ங்கறார்."

"அணைச்சிருந்தீங்களா, மாமி?"

"அணைச்சிருந்தேன்."

பிறகு என்னைப் பார்த்தார். "கணேஷ்குமார், நீங்க அதிகம் பேசாத மனுஷர். நீங்க வாங்கோளேன். நீங்கன்னா சொன்னதை மட்டும் சொல்வேள்."

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

* குறிப்பு: அப்போது என் வேலை மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுவது. "இந்தப் பொத்தானை அழுத்துங்கள். இப்போது ஒரு சாளரம் திறக்கும். பெயரை உள்ளிடுங்கள்." எட்டு வருடம் முகம் தெரியாத யாருக்கோ கட்டளைகளாகவே எழுதினேன். ஒருவராவது நான் சொன்னபடி செய்து நான் பார்த்ததில்லை.

4

முதல் சனிக்கிழமை. அறையில் ஒரு சாய்வு நாற்காலி, இரண்டு மரநாற்காலிகள், சத்தம் போடாத மின்விசிறி. கடிகாரம்கூட இல்லை.

டாக்டர் தொடங்குமுன் எனக்குச் சொன்னார்: "ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அவர் தூங்கப்போவதில்லை. எல்லாம் கேட்கும். வெளியே ஆட்டோ போவது கேட்கும், நான் பேசுவது கேட்கும், நீங்கள் பேசுவதும் கேட்கும். கேட்டுக்கொண்டே இறங்குவார். நீங்கள் குரலில் ஒன்றும் சேர்க்க நக்கோ. நான் தண்ணீர், நீங்கள் குழாய். சரியா?"

சரி என்றேன். பிறகு மறந்துவிட்டேன். மறந்தேன் என்று எழுதுவதில் எனக்கே சந்தேகம் இருக்கிறது. இருந்தாலும் அப்படியே இருக்கட்டும்.

சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னார். இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார். டாக்டர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம், நான் தமிழில் ஒரு வாக்கியம். நடுவில் அவர் விடும் மௌனத்தை நான் அதே நீளத்துக்கு விட்டேன். மொழிபெயர்ப்பில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

எட்டு என்ற இடத்தில் வெங்கட்ரமணனின் தாடை தளர்ந்தது. ஆமாம் என்றால் வலது சுட்டுவிரலை உயர்த்தச் சொன்னோம். உயர்ந்தது. ஒரு மனிதர் தூக்கிய விரலாகத் தெரியவில்லை. அதுவாக எழுந்த விரலாகத் தெரிந்தது. அந்த வித்தியாசத்தை விவரிக்க மூன்று வாக்கியங்கள் எழுதி அழித்தேன்.

அன்று அவ்வளவுதான். வீடு திரும்பும்போது ஆட்டோவில் அவர் கேட்டார்: "நான் ஏதாவது உளறினேனா?"

"இல்ல சார். விரல் மட்டும் தூக்குனீங்க."

"விரல்தானே. சொன்ன பேச்சைக் கேக்கறதே, ஆச்சரியம்." கையை ஒரு வளர்ப்பு நாயைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

வாசலில் மஹதி நின்றிருந்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. "அங்கிள், அப்பா கா ஹேண்ட் டீக் ஹோகயா க்யா?" அப்பாவின் கை சரியாகிவிட்டதா என்று கேட்டாள்.

"இன்னும் ஒரு வாரம்மா," என்றேன்.

5

[நீக்கியது. இரண்டு சனிக்கிழமைகளுக்கு நடுவில் பெய்த மழையை வர்ணித்திருந்தேன். மழை பெய்ததா என்பது நினைவில்லை.]

6

இரண்டாவது சனிக்கிழமை, ஜூலை பதினைந்து. இன்னும் இரண்டு நாள்.

அவர் சீக்கிரமே இறங்கிவிட்டார். டாக்டர் சொன்னார்: "கை ஏன் நிற்கிறது என்று கையையே கேட்கச் சொல்லுங்கள்."

"சார், உங்க கையைக் கேளுங்க. ஏன் நிக்கிறேன்னு கேளுங்க."

நீண்ட மௌனம். நான் மௌனத்துக்குப் பழகியவன். ஆனாலும் அது நீண்டதுதான்.

"அஞ்சு பேனா," என்றார்.

"எந்த அஞ்சு பேனா, சார்?"

"வாங்கிண்டு வரச் சொன்னேன். ரெண்டு ஊதா, மூணு கறுப்பு. எல்லாத்தையும் ஒரே பேனாவால எழுதினா ஒரே நாள்ல உக்காந்து எழுதினதுன்னு தெரிஞ்சுடும்." குரல் தட்டையாக, குறிப்பு வாசிப்பது போல இருந்தது. "நவம்பர் ரெண்டு, ஊதா. மூணு, கறுப்பு. நாலும் கறுப்பு, ஆனா வேற கறுப்பு. ஏழாந்தேதிக்குப் பேனாவை ரெண்டு தரம் உதறிண்டேன். அவசரத்துல எழுதின மாதிரி இருக்கட்டும்னு."

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. நான் கோர்த்துச் சொல்கிறேன். மாத்திரைகள் எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்று பார்ப்பதற்காக, சூடும் ஈரமும் மாறாத ஒரு அறையில் அவற்றை வைத்திருப்பார்கள். தினமும் அளவு குறிக்க வேண்டும். போன தீபாவளி விடுமுறையில் அந்த அறை பழுதாகிவிட்டது. பதினோரு நாள் யாருக்கும் தெரியவில்லை. மார்ச்சில்தான் தாள்களில் பதினோரு நாள் காலியாக இருப்பதைக் கண்டார்கள். அளவுகளை யாரோ இட்டு நிரப்பினார்கள். வெங்கட்ரமணன் பதினோரு தாள்களில், பதினோரு நவம்பர் தேதிகளோடு, ஒரே மத்தியானத்தில் கையெழுத்திட்டார். இரண்டு மாதம் கழித்து, மேயில், கை நின்றது.

"என்ன மாத்திரை, சார்?"

இது டாக்டர் கேட்கச் சொன்ன கேள்வி அல்ல.

"பிரஷர் மாத்திரை."

"கெட்டுப்போச்சா?"

"தெரியாது. அதான். கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சாத் தேவலை." பிறகு, "அதே ரூம்ல இன்னொரு மாத்திரையும் இருந்துது. அதுக்கும் அதே நவம்பர் நாளுக்குத் தாள் எழுதி வெச்சிருக்கா. பதினொண்ணு. திங்கட்கிழமை."

டாக்டர் என் முழங்காலைத் தொட்டார். "என்ன சொல்கிறார்?"

நான் சொன்னேன்: "பழைய வேலை ஒன்றை நினைத்து வருத்தப்படுகிறார்."

"ஹவ். எல்லாரும் வருத்தப்படுகிறார்கள்." சோம்பு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

ஏன் முழுவதையும் சொல்லவில்லை? அவர் தமிழில் செருப்பைக் கழற்றியிருந்தார்; அதை எடுத்து இன்னொரு மொழியின் வாசலில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. — இந்த வாக்கியம் நன்றாக இருக்கிறது, அதனாலேயே நான் இதை நம்பவில்லை. உண்மை ஒருவேளை எளிமையானது. அந்த நிமிடம் அந்த ரகசியம் என் கையில் இருந்தது. அதைத் தர விரும்பவில்லை.

விஷயம் தெரியாத டாக்டர், தெரிந்த மருந்தைக் கொடுத்தார். ஒவ்வொரு வாக்கியமாக.

"திங்கட்கிழமை தாள்கள் உங்கள் முன்னால் வரும்."

சொன்னேன்.

"கை லேசாக இருக்கும். வலி இருக்காது."

சொன்னேன்.

"பெயர் எழுதும். தேதி எழுதும். என்ன எழுதச் சொல்கிறார்களோ, அதைத் தடையில்லாமல் எழுதும்."

நான் சொன்னது: "பேர் எழுதும் சார். தேதியும் எழுதும். அன்னைக்கு என்ன தேதியோ, அந்தத் தேதியத் தடையில்லாம எழுதும்."

இதுதான் நான் செய்த காரியம்.

டாக்டர் காத்திருந்தார். நான் காத்திருந்தேன். வெளியே ஒருவர் பழைய பேப்பர் கேட்டுக் கூவிக்கொண்டு போனார். குரல் தெருக்கோடி வரை போய்த் தேய்ந்தது. அதற்குப் பிறகுதான் சுட்டுவிரல் எழுந்தது.

"ஷாபாஷ்," என்றார் டாக்டர் ஹஷ்மத்.

7

திங்கட்கிழமை மாலை கல்பகம் மாமி கேசரி கொண்டுவந்தார்.

"எழுதிடுத்து கணேஷ்குமார்! பதினோரு தாளும்! டாக்டர் கைராசி. நீங்களும்தான்."

"தேதியும் எழுதினாரா, மாமி?"

"தேதியும்தான். அதுக்குத்தானே இத்தனை பாடு."

என்ன தேதி என்று நான் கேட்கவில்லை. மாமிக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. கீழே இறங்கி அவரைக் கேட்டிருக்கலாம். தினமும் காலையில் தண்ணீர் மோட்டார் போடும்போது பார்த்துக்கொண்டோம். "மோட்டாரை அணைச்சுட்டேளா?" "அணைச்சுட்டேன் சார்." அவ்வளவுதான். அடுத்த மாதம் அவர் ஜீடிமெட்லா வேலையில் இல்லை என்று தெரிந்தது. செப்டம்பரில் வீட்டைக் காலி செய்துகொண்டு நாச்சாரம் பக்கம் போனார்கள். மஹதிக்கு நடு வருடத்தில் பள்ளி மாறியது. கிளம்பும்போது கேசரி இல்லை. மாமி சாவியை என்னிடம் கொடுத்து வீட்டுக்காரரிடம் சேர்க்கச் சொன்னார்.

இங்கே கதைக்கு முடிவு வேண்டும். எழுதி வைத்திருப்பவை:

அ. அவர் பதினோரு நவம்பர் தாள்களிலும் ஜூலை பதினேழு என்று எழுதினார். சம்பந்தம் தாள்களைப் புரட்டினார். இரண்டாவது தாளிலேயே புரிந்துவிட்டது, ஆனாலும் பதினொன்றையும் பார்த்தார். "கை சரியாயிடுச்சா?" என்றார். "ஆயிடுத்து," என்றார் வெங்கட்ரமணன். இந்த முடிவில் ஒரு குடும்பத்தின் வேலையைப் பறித்தது என் வாக்கியம். அல்லது, யாரோ ஒருவருடைய மாத்திரையைக் காப்பாற்றியது என் வாக்கியம். எப்படிப் பார்த்தாலும் நான் பெரிய ஆளாகிவிடுகிறேன். அது இதன் குறை.

ஆ. அவர் ஐந்து பேனாக்களால் பதினோரு நவம்பர் தேதிகளை எழுதினார். கை இறகு மாதிரி ஓடியது. ஏழாந்தேதிக்கு உதற வேண்டியதே இல்லை. மாலையில் கையைப் பார்த்து பயந்தார். இதுவரை அது ஒன்றுதான் அவருக்காக மறுத்துக்கொண்டிருந்தது. இப்போது மறுக்க யாரும் இல்லை. அதனால் ஒரு மாதத்தில் தானாகவே விலகினார். இந்த முடிவில் டாக்டரின் மருந்து வேலை செய்தது.

இ. யார் சொன்ன வாக்கியமும் எதுவும் செய்யவில்லை. அஞ்சு பேனா என்று சொல்லி முடித்த நிமிடமே கை சரியாகிவிட்டது. மற்றதெல்லாம் அவராகச் செய்தது.

மூன்றையும் ஐந்து வருடம் வைத்திருந்தேன். என் தயவில்தான் ஒரு மனிதர் விழுந்தாரா எழுந்தாரா என்று தினமும் மாற்றி மாற்றி முடிவு செய்துகொண்டிருந்தேன். பிறகு அவரைப் பார்த்தேன்.

8

2012 பிப்ரவரி. ஒரு கையேட்டின் அச்சு விஷயமாக நாச்சாரத்தில் ஓர் அச்சகத்துக்குப் போனேன். பிஸ்கட் டப்பாக்களுக்கான அட்டைப் பெட்டிகளும் அங்கே அச்சாகின. மேற்பார்வையாளர் அறையில் வெங்கட்ரமணன் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அடடே! மாடியாத்துக்காரர்! வாங்கோ வாங்கோ."

தேநீர் வந்தது. மஹதி இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள் என்றார். கல்பகம் சௌக்கியம் என்றார்.

"ஜீடிமெட்லாவ ஏன் சார் விட்டீங்க?"

"தூரம்."

"லோத்குண்டாலேருந்து நாச்சாரம் கிட்டவா?"

"இல்லை," என்றார். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

என் பிரதிகளை வெளியே எடுத்துப்போக வாசலில் காட்ட ஒரு சீட்டு வேண்டும். சீட்டுப் புத்தகத்தை இழுத்து எழுதினார். நான் அவர் கையைத்தான் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெயர் எழுதினார். பேனா பக்கத்தில் நகர்ந்தது. தேதி எழுதினார். அன்றைய தேதி. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"டாக்டர் ஹஷ்மத் நல்ல மனுஷர்," என்றார் சீட்டைக் கிழித்தபடி. "ஆனா ஒண்ணு. எனக்கு இங்கிலீஷ் நன்னாத் தெரியும், கணேஷ்குமார். அது அவருக்கும் மறந்துபோச்சு, உங்களுக்கும் மறந்துபோச்சு."

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"கண்ணை மூடிண்டிருந்தேனே தவிர, எல்லாம் கேட்டுது. அவர் ஒண்ணு சொன்னார். நீங்க ஒண்ணு சொன்னேள். ரெண்டும் வேற வேற."

அப்போது இயந்திரம் ஏதோ நின்று அடுத்த அறை சட்டென்று அமைதியானது. ஒருவர் எட்டிப் பார்த்துத் தெலுங்கில் கூப்பிட்டார். வெங்கட்ரமணன் எழுந்தார். சீட்டை என் கையில் வைத்து, "விரலைத் தூக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் எடுத்துண்டேன். ஞாபகம் இருக்கா?" என்றார்.

"பேப்பர்காரன் தெருக்கோடி போற வரைக்கும், சார்."

"ஆங்," என்றார். "அவ்வளவு நேரம் பிடிச்சுது." இயந்திரத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

வாசலில் இருபது நிமிடம் நின்றேன். திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். எந்தக் குரலுக்கு விரலைத் தூக்கினீர்கள் என்று. கேட்டால் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். அதனால்தான் கேட்கவில்லை. ஏற்கெனவே ஒரு முறை அந்த மனிதரின் வாக்கியத்தில் என் வாக்கியத்தைச் சேர்த்தாகிவிட்டது.

9

இன்னும் ஒன்று பாக்கி.

இந்தக் கதைக்கான குறிப்புகள் ஒரு நோட்டில் இருக்கின்றன. உரையாடல்கள், பேனாக்களின் நிறம், பேப்பர்காரர், எல்லாம். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் 2006 ஜூலை என்று தேதி இருக்கிறது. எழுதியது போன மாதம். அன்று நான் எதையும் குறித்து வைக்கவில்லை. அன்றைக்கே எழுதியது போலத் தேதி இருந்தால் நீங்கள் நம்புவீர்கள் என்று போட்டேன். மூன்றாவது தொடக்கத்தில் பொய் இல்லை என்று சொன்னேன். அதற்கு நான் காட்டக்கூடிய சாட்சி அந்த நோட்டு ஒன்றுதான்.

ஆகவே முடிவை நான் எழுதக்கூடாது. என் கையிலிருந்து வரும் எந்த முடிவும் பழைய தேதி போட்டதாகத்தான் இருக்கும்.

உங்களுக்கு இரண்டு குரல்களும் கேட்டிருக்கின்றன. திங்கட்கிழமை காலை. மேசைமேல் பதினோரு தாள். கை லேசாக இருக்கிறது. பெயர் எழுதியாகிவிட்டது, பேனா பக்கத்தில் நகர்கிறது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அவருக்காக நீங்கள் எழுதுங்கள்.

கதையின் கீழே என் பெயரை எழுதிவிட்டேன். அதன் பக்கத்தை விட்டிருக்கிறேன்.

கணேஷ்குமார்
தேதி: